எட்டு இருபது பஸ்ஸுக்கு ஒரு ஆம்பள

பூங்குயில் நகர்ல பூவும் கிடையாது, குயிலும் கிடையாது. பிளாட் போட்டு வித்தவரோட மகளுக்கு அந்தப் பேராம், அம்புட்டுதான். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல, மெயின் ரோட்டுல இறங்கி பத்து நிமிசம் உள்ள நடக்கணும். மொத்தம் நாப்பது வீடு. காலைல ஆறு மணில இருந்து எட்டரை வரைக்கும் ஒரே அமளி. மோட்டார் ஓடும், மிக்ஸி ஓடும், ஒத்த சாக்ஸைக் காணோம்னு பிள்ளைக அழும். எட்டரை ஆச்சுன்னா யாரோ மெயின் சுவிட்சை அமத்துன மாதிரி எல்லாம் நின்னுரும். மில்லுக்குப் போறவுக மில்லுக்கு, கோர்ட்டுக்குப் போறவுக கோர்ட்டுக்கு, சிமெண்டு பேக்டரிக்குப் போறவுக ஆலங்குளத்துக்கு. பொறவு சாயங்காலம் வரைக்கும் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜு ஓடுற சத்தம் நம்ம வீட்டுல கேக்கும். தெருவுல நாய் நடந்தா அது நகம் உரசுறது கேக்கும். உப்பு விக்க வர்ற ஆளுகூட யாரைக் கூப்பிடன்னு தெரியாம பாதித் தெருவுலயே வண்டியத் திருப்பிட்டுப் போயிருவாரு.

இப்படி ஒரு அமைதிய தேடிப் பிடிச்சு வாங்குனது குருசாமி. நூல் மில்லுல முப்பத்தாறு வருசம் ஃபிட்டரா இருந்தவரு. மிஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி அவரு தொண்டை அப்படியே செட்டாயிப் போச்சு. அவரு காதுக்குள்ள ரகசியம் சொன்னா மூணாவது தெருவுல இருக்கிறவுக "என்னது?"ன்னு கேப்பாக. ரிட்டயர் ஆனதும் "இனி எனக்குச் சத்தமே ஆகாது"ன்னுட்டு இங்க வந்தாரு. இந்த நகர்ல பகல்ல கேக்குற ஒரே சத்தம் தன்னுதுதான்னு அவருக்கு இன்ன வரைக்கும் தெரியாது.

அவரு பொஞ்சாதி பரிபூரணத்துக்கிட்ட யாரும் யோசனை கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பா. டவுனுக்குள்ள தெருக்குழாயில குடத்தை வச்சு சண்டை போட்டு வளந்தவ அவ. இங்க சண்டைக்குக்கூட ஆளு வேணும்ல. ஒம்போது வீட்டு கேஸ் சிலிண்டர், ஏழு வீட்டுக் கூரியர், ஒரு வீட்டு மீன் தொட்டி, அம்புட்டும் அவ பொறுப்பு. "வீட்டுல சும்மாதான இருக்கீக"ன்னு சொல்லித்தான் ஒவ்வொருத்தரும் கொடுத்துட்டுப் போவாக. சும்மா இருக்கிறவ தலையில எம்புட்டுதான் ஏத்துவீகன்னு மனசுக்குள்ள வைவா. சில நாளு வெளியவும் வைவா.

ஆனா நாலு மணியானா மட்டும் அவ முகம் மாறும். எதுத்த வீட்டு ரிஸ்வானாவோட மக ஹஃபீஸா, யூகேஜி படிக்கிறவ, ஸ்கூல் வேன்ல இருந்து பரிபூரணம் வீட்டு வாசல்லதான் இறங்குவா. ரிஸ்வானா வேலை முடிஞ்சு வர ஆறேகால் ஆகும். அதுவரைக்கும் இந்த வீட்டுல தான் இருப்பா. "பரிம்மா, பல்லிக்கு ஏன் லீவே கிடையாது? பரிம்மா, உங்க வயித்துக்குள்ள என்ன இருக்கு? பரிம்மா, தாத்தா ஏன் மைக் இல்லாமயே மைக்ல பேசுறாக?" ரெண்டேகால் மணி நேரம் அந்த வீட்டுக்கு உயிர் வந்துரும். "என் தலையில கட்டிட்டுப் போறா பாரு பிள்ளைய"ன்னு எல்லாருகிட்டயும் குறை சொல்லுவா பரிபூரணம். மூணு மணில இருந்தே கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இருக்கிறதை மட்டும் யாருகிட்டயும் சொல்ல மாட்டா.

அந்த நாலு மணிக்குத்தான் ஆபத்து வந்துச்சு.

ரிஸ்வானா ராஜபாளையத்துல ஒரு பாண்டேஜ் துணி கம்பெனில புதுசா சேந்திருந்தா. கட்டுத்துணிய மடிச்சு, பாத்து, பெட்டில போடுற வேலை. கல்யாணமாகி ஏழு வருசம் வீட்டுலயே கிடந்துட்டு, தானாப் போயி கேட்டு வாங்குன வேலை. "மூணு மாசம் பாப்போம். அதுக்குள்ள மூணு தடவை லேட்டா வந்தா அதோட நின்னுக்கிடணும்"னு சூப்பர்வைசர் சொல்லியிருந்தாரு. ஒம்போது மணிக்கு மெஷின்ல கட்டைவிரலை வைக்கணும். பிள்ளைய வேன்ல ஏத்தறப்பவே எட்டு அஞ்சு. புருசன் அனஸ் ஆறு மணிக்கே ஆலங்குளத்துக்கு பைக்ல போயிருவான். ஷேர் ஆட்டோக்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்லயே நிறைஞ்சு, ஆளு பிதுங்கி வரும். மிச்சம் இருக்கிறது எட்டு இருபது டவுன் பஸ்ஸு ஒண்ணுதான்.

அந்த பஸ்ஸு நிக்கலை.

பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸு. எல்லா டிரைவரும் அப்படி இல்ல, இந்த ஒரு டிரைவர் மட்டும், பொம்பளைக தனியா நிக்கிறதைத் தூரத்துலயே பாத்துட்டா போதும், அவரு கண்ணு மேற்கால மலையைப் பாக்கப் போயிரும். அம்புட்டு நாளா இல்லாத அழகு அந்த நிமிசத்துல அந்த மலைக்கு வந்துரும். பஸ்ஸு போயிரும். ரிஸ்வானா ரெண்டு தடவை லேட்டு ஆயாச்சு. மூணு மாசம் முடிய இன்னும் மூணு வாரம் கிடக்கு.

"இன்னும் ஒரு தடவை ஆச்சுன்னா அவ்வளவுதான் பெரிம்மா"ன்னா ரிஸ்வானா. அழலை, ஆனா மூக்கு சிவந்திருந்துச்சு. "வேலை போனா நானே நாலு மணிக்கு வேனுக்கு நின்னுக்கிடுதேன். உங்களுக்கும் தொந்தரவு இருக்காது."

பரிபூரணம் கண்ணு கடிகாரத்துக்குப் போச்சு. "எனக்கு என்னட்டி தொந்தரவு? நான் சும்மாதான இருக்கேன்"னு மட்டும் சொன்னா.

மறுநாள் அவளே மெயின் ரோட்டுக்குப் போயி நின்னு பாத்தா. ரிஸ்வானாவும், காலேஜ் ஆபீஸ்ல வேலை பாக்குற அனுசியாவும் நிக்காக. அன்னைக்குன்னு பாத்து பிரஷர் மாத்திரை வாங்க குருசாமியும் நின்னாரு. தூரத்துல பஸ்ஸு வந்துச்சு. டிரைவர் கண்ணு மலைப்பக்கம் கிளம்புச்சு, பாதில வேட்டியப் பாத்துச்சு, திரும்பி ரோட்டுக்கு வந்துச்சு. பஸ்ஸு சொகுசா வந்து காலடியில நின்னுச்சு.

பரிபூரணம் அதைக் குறிச்சுக்கிட்டா. வீட்டுக்கு வந்து தோசைக்கு அரைச்சா. மதியம் குருசாமி தட்டுல கூடுதலா ஒரு அப்பளம் விழுந்துச்சு. முப்பது வருசம் குடும்பம் நடத்துனவரு, அவருக்கு அப்பளம் கூடுனா அர்த்தம் தெரியும்.

"என்ன வேணும், சொல்லித் தொலை"ன்னாரு.

"ஒண்ணுமில்ல. தினமும் எட்டேகாலுக்கு அந்த பஸ் ஸ்டாப்புல போயி நில்லுங்க."

"எங்க போக?"

"எங்கயும் போக வேணாம். நின்னாப் போதும். பஸ்ஸு நிக்கும், பிள்ளைக ஏறிக்கிடும், நீங்க வந்துருங்க."

"ஏட்டி, முப்பத்தாறு வருசம் ஃபிட்டரா இருந்தவன நீ தூண்டில்ல புழுவா மாட்டுதியா?"

இதை அவரு மெதுவாத்தான் கேட்டாரு. ரெண்டாவது தெருவுல ஒரு நாய் எழுந்து உக்காந்துச்சு.

"மெதுவாப் பேசுங்க. மூணு வாரம்தான். அந்தப் பிள்ளை வேலை நிலைக்கணும்."

அவரும் ஹஃபீஸாவுக்குப் பழகிப் போனவருதான். அந்தப் பிள்ளை வரலைன்னா சாயங்காலம் தாயக்கட்டை உருட்ட அவருக்கு யாரு இருக்கா? முனங்கிக்கிட்டே சரின்னாரு.

சும்மா நின்னா நம்ப மாட்டானுகன்னு பரிபூரணம் அவரை ஜோடிச்சா. தேச்ச வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில ஒரு ரெக்ஸின் பை. பைக்குள்ள பழைய பேப்பர். "கைய நல்லா நீட்டணும். பொண்ணு பாக்கப் போறவரு மாதிரி வெக்கப்பட்டு நிக்கக் கூடாது. பிள்ளைக ஏறுனதும் எதையோ மறந்த மாதிரி திரும்பிருங்க."

திங்கக்கிழமை பஸ்ஸு நின்னுச்சு. ரிஸ்வானாவும் அனுசியாவும் ஏறுனாக. கண்டக்டர் ராம்கி, நல்ல பிள்ளை, முப்பது வயசு இருக்கும், படியில நின்னு கைய நீட்டி "வாங்கய்யா, ஏறுங்க"ன்னான்.

"கண்ணாடிய மறந்துட்டேன்"னாரு குருசாமி. பஸ்ஸுக்குள்ள கடைசி சீட்டுல தூங்கிக்கிட்டிருந்த ஆளு முழிச்சிட்டான்.

செவ்வாக்கிழமை பர்ஸை மறந்தாரு. புதன்கிழமை போனை மறந்தாரு. வியாழக்கிழமை கேஸ் அடுப்பை அமத்துனோமான்னு சந்தேகம் வந்துருச்சு. வெள்ளிக்கிழமை மாத்திரை. ஒவ்வொரு நாளும் மில்லுத் தொண்டையில அறிவிச்சுட்டுத் திரும்பி நடப்பாரு. முதல் ரெண்டு நாளு கூசுனவரு, மூணாவது நாள்ல இருந்து வேட்டிய மடிச்சுக் கட்டுறதுல ஒரு தினுசு காட்ட ஆரம்பிச்சாரு. சனிக்கிழமை பரிபூரணம் கேக்காமலே, "இன்னைக்கு எதை மறக்கட்டும்?"னாரு.

"பல்செட்டை மறங்க."

"எனக்கு ஏது பல்செட்டு?"

"அப்ப குடையை மறங்க. எல்லாத்தையும் நானே சொல்லணுமா?"

ரெண்டாவது வாரம் சரக்கு தீந்து போச்சு. மறக்கறதுக்கு ஒரு மனுசன்கிட்ட எத்தனைதான் இருக்கும். புதன்கிழமை பழையபடி "கண்ணாடிய மறந்துட்டேன்"னாரு.

ராம்கி படியில இருந்து இறங்கி வந்தான். அவரு முகத்தையே பாத்தான்.

"ஐயா, கண்ணாடி மூக்குலதான இருக்கு."

குருசாமி மூக்கைத் தொட்டுப் பாத்தாரு. இருந்துச்சு. "அப்படியா?"ன்னாரு.

பஸ்ஸுல ஒருத்தரும் சிரிக்கலை. அதுதான் வினையாப் போச்சு. ராம்கி அவரு தோளை மெல்லத் தட்டி, "எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. பாத்துப் போங்கய்யா. வீடு தெரியும்ல?"ன்னு கேட்டான். பஸ்ஸு கிளம்புனதும் அனுசியாகிட்ட விசாரிச்சான். அனுசியா என்ன செய்வா? "எங்க குருசாமி பெரியப்பாதான். கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்காக"ன்னு சொல்லிட்டு சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டா. ரிஸ்வானா முந்தானைய வாயில வச்சுக்கிட்டா. துக்கம் தாங்காம அழுறான்னு பக்கத்து சீட்டு அம்மா அவளுக்குத் தண்ணி பாட்டில நீட்டுனாக.

டவுன் பஸ்ஸுல ஒரு சேதி விழுந்தா அது எந்த ஸ்டாப்புலயும் இறங்காது. ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு, கூமாப்பட்டியில இருந்து குருசாமியோட அக்கா முத்தாத்தாள், ஒரு பாட்டில் ஹார்லிக்ஸு, ஒரு சீப்பு பழம், ஒரு பை ஆப்பிள், அம்புட்டையும் தூக்கிக்கிட்டு வந்து இறங்குனா. வாசல்லயே முந்தானையில கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

"ஏன் பரிபூரணம், கூடப் பொறந்தவ நான் ஒருத்தி இருக்கேன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? பஸ்ஸுல யாரோ சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கிடணுமா?"

பரிபூரணத்துக்கு விசயம் புரிய செத்த நேரம் ஆச்சு. புரிஞ்சதும் அடுப்படிக்கு ஓடி, முறுக்கு டப்பாவைத் தேடுற மாதிரி குனிஞ்சு சிரிச்சு முடிச்சுட்டு வந்தா. உண்மையைச் சொல்லலாம்தான். ஆனா முத்தாத்தாள்கிட்ட சொல்றதும் அந்த பஸ்ஸுலயே மைக் கட்டி சொல்றதும் ஒண்ணு. இன்னும் ரெண்டே நாளு, திங்களும் செவ்வாயும் போயிட்டா ரிஸ்வானாவோட மூணு மாசம் முடியுது. பரிபூரணம் புருசனைப் பாத்து கண்ணை உருட்டுனா. பேசாம இருங்கன்னு அர்த்தம்.

முத்தாத்தாள் தம்பி பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டா. "ஏலே தம்பி, நான் யாருன்னு தெரியுதா?"

குருசாமி அவளை நல்லா உத்துப் பாத்தாரு. "முத்தாத்தா அக்கா"ன்னாரு.

"தெரியுது, தெரியுது"ன்னு முத்தாத்தாள் சாமியைக் கும்பிட்டா. "சாப்பிட்டியாலே?"

"சாப்பிட்டேன். கோதுமை உப்புமா."

"இதெல்லாம் ஞாபகம் இருக்கே."

"அக்கா"ன்னாரு குருசாமி, முறுக்குத் தட்டோட நின்ன பரிபூரணத்தைப் பாத்துக்கிட்டே. "இந்தம்மா யாரு? வாரத்துல நாலு நாளு எனக்கு உப்புமா போடுறாக. பாவம், வேற ஒண்ணும் செய்யத் தெரியாது போல."

பரிபூரணம் தட்டை டொக்குன்னு கீழ வச்சா. முத்தாத்தாள் எழுந்து அவளைக் கட்டிப் புடிச்சு, "மனசைத் தளரவிடாத தாயி. புருசன் பொஞ்சாதியவே மறக்குறதுன்னா சும்மாவா. நல்ல சாப்பாடு போடு. கோதுமையெல்லாம் வேணாம், மூளைக்கு ஆகாதாம்"னா. அன்னைக்கு மதியம் அந்த வீட்டுல கோழிக் குழம்பு கொதிச்சுச்சு. மறதிக்காரரு மூணு தடவை சோறு வாங்குனாரு, ஒவ்வொரு தடவையும் "நான் இன்னும் சாப்பிடலையே"ன்னு சொல்லி. அக்காகாரி தன் கையால போட்டா. பரிபூரணம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆப்பிள் வெட்டுனா.

திங்கக்கிழமை சிரிப்பு நின்னு போச்சு.

அன்னைக்குப் பரிபூரணமும் ஸ்டாப்புக்குக் கூடவே வந்திருந்தா. குருசாமி வழக்கம்போல கைய நீட்டுனாரு. பஸ்ஸு வந்துச்சு. டிரைவர் மலையைக்கூடப் பாக்கலை, நேரா அவரைத்தான் பாத்தாரு, பரிதாபமாப் பாத்தாரு, வேகத்தைக் குறைக்காம போயிட்டாரு. படியில நின்ன ராம்கி கும்பிட்டு, "வீட்டுக்குப் போங்கய்யா, வெயிலு ஏறுது"ன்னு கத்திட்டுப் போனான். பாவம் பெரியவரு, ஏறவும் மாட்டாரு, வண்டிகிட்ட வந்து தடுமாறி விழுந்தா என்ன ஆவுறதுன்னு அவன்தான் டிரைவர்கிட்ட சொல்லி வச்சிருக்கான். நல்ல மனசுல சொன்னதுதான்.

மணி எட்டு இருபத்தஞ்சு. ரிஸ்வானா பையைத் தோள்ல இருந்து கழட்டி கையில வச்சுக்கிட்டா, வீட்டுக்குத் திரும்புற மாதிரி. பரிபூரணம் அவளைப் பாக்கலை. அன்னைக்கு முகூர்த்த நாளு. வாழை கட்டுன கல்யாண வேன் ஒண்ணு ராஜபாளையத்தைப் பாத்து வந்துச்சு. பரிபூரணம் சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு ரோட்டு நடுவுல போயி நின்னா. வேன் கிறீச்சுன்னு நின்னுச்சு.

"ஏம்மா, சாகணும்னு ஆசையா?"ன்னு டிரைவர் தலைய நீட்டுனாரு.

"சாகுறதுக்கெல்லாம் நேரமில்ல. பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"மாப்பிள்ளை வீடு."

"நல்லதாப் போச்சு, மாப்பிள்ளை வீட்டுக்காரவுக பெரிய மனசுக்காரவுகதான். இந்த ரெண்டு பிள்ளையையும் ராஜபாளையத்துல இறக்கி விடுங்க."

ரிஸ்வானா எட்டு அம்பத்தெட்டுக்கு விரலை வச்சா. விரல்ல சந்தனம் ஒட்டியிருந்ததால மெஷின் முதல்ல ஏத்துக்கிடலை, தொடைச்சுட்டு வச்சப்ப எட்டு அம்பத்தொம்போது. தலையில பூ, கையில கல்கண்டு. சூப்பர்வைசர் ஒரு மாதிரி பாத்தாராம்.

அன்னைக்குச் சாயங்காலம் ரிஸ்வானா பிள்ளையைக் கூட்ட வந்தப்ப உள்ள வந்து உக்காந்தா. "நாளைக்கு ஒரு நாளு பெரிம்மா. கண்டக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிருவமா?"

"சொன்னா, ரெண்டு வாரமா எங்கள முட்டாளாக்குனீகளான்னு அந்த டிரைவர் மலையோட சேத்து வானத்தையும் பாப்பான். நாளைக்கு கழியட்டும்."

"ஆட்டோ சொல்லலாமா?"

"கேட்டுட்டேன். நாளைக்கு எல்லாம் மறுவீட்டுச் சவாரியாம். ஒரு ஆட்டோவும் இல்ல. தினமும் கல்யாண வேன் வருமா என்ன?"

ஹஃபீஸா தாயக்கட்டைய உருட்டிக்கிட்டே, "பரிம்மா, பஸ்ஸுக்குள்ள இருக்கிறவுக இறங்கணும்னாலும் அந்த டிரைவர் மாமா மலையப் பாப்பாகளா?"ன்னு கேட்டா. பதிலுக்குக்கூடக் காத்திருக்கலை, அடுத்த கேள்விக்குப் போயிட்டா. பரிபூரணம் மட்டும் அந்தக் கேள்வியிலயே நின்னுட்டா. ஏறுறவனுக்காக நிக்காத பஸ்ஸு இறங்குறவனுக்கு நின்னுதான ஆகணும்.

அவ குருசாமி பக்கம் திரும்புனா. அவரு பேப்பரை முகத்துக்கு நேரா தூக்கிக்கிட்டாரு.

"இந்தாருங்க. காலைல பால் ஊத்துற விஜயபாண்டி ஏழு மணிக்குத் திரும்பிப் போறப்ப அவன் வண்டியில ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருங்க. பஸ் ஸ்டாண்டுல அந்த பஸ்ஸுல ஏறி, பூங்குயில் நகருக்கு டிக்கெட் எடுங்க. வந்து இறங்குங்க. அம்புட்டுதான்."

"வீட்டுல இருந்து கிளம்பி வீட்டுக்கு வர்றதுக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போகணுமா?"

"ஆமா."

பேப்பர் மெல்ல இறங்குச்சு. "இனி இந்த வீட்டுல கோதுமை உப்புமா கிடையாது."

"வாரம் ஒரு நாளு."

"கிடையவே கிடையாது. ரிஸ்வானா, நீ சாட்சி."

பரிபூரணம் பிள்ளையைப் பாத்தா. அது தாயக்கட்டைய வாயில வச்சு ஊதிக்கிட்டிருந்துச்சு. "சரி, ஒழிஞ்சு போகுது"ன்னா.

செவ்வாக்கிழமை எட்டேகாலுக்கே ஸ்டாப்புல மூணு பொம்பளைகளும் நின்னாக. பரிபூரணம் ரோட்டையே எட்டி எட்டிப் பாத்தா. மனுசன் போயிச் சேந்தாரா, ஏறுனாரா, நிசமாவே தூங்கிப் போயி ராஜபாளையம் வரைக்கும் போயிருவாரா, ஒண்ணும் தெரியலை. போன் பண்ணுனா எடுக்கலை. போனை வீட்டுல சார்ஜ்ல வச்சு மறந்துட்டுப் போயிருக்காருன்னு அது பொறவுதான் தெரியும்.

எட்டு இருபத்திரண்டுக்கு பஸ்ஸு வந்துச்சு. வேகமாத்தான் வந்துச்சு. டிரைவர் தலை மேற்கால திரும்புச்சு. அனுசியா "போச்சு"ன்னா. பஸ்ஸு அவுகளைத் தாண்டுச்சு. தாண்டி, பத்தடி தள்ளி நின்னுச்சு.

முதல்ல ராம்கி இறங்குனான். பொறவு கைய மேல நீட்டி, புதுப்பொண்ணை வண்டியில இருந்து இறக்குற மாதிரி, குருசாமிய ஒவ்வொரு படியா இறக்குனான். சன்னலுக்கு ஒரு தலை வெளிய வந்துச்சு. ரிஸ்வானாவும் அனுசியாவும் பின் படியில ஏறி, கம்பியைப் புடிச்சு, சேலையைச் சரி பண்ணி, சீட்டும் பாத்துட்டாக. பஸ்ஸு இன்னும் நிக்குது.

"நீங்கதான் வீட்டம்மாவா?"ன்னான் ராம்கி, பரிபூரணத்தைப் பாத்து. "காலங்காத்தால ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல தனியா நிக்காரும்மா. ஐயா எங்க போறீகன்னா, எங்க வீட்டுக்குங்காரு. எங்க இருந்து வாரீகன்னா, அதுவும் எங்க வீட்டுல இருந்துங்காரு. டிக்கெட்டுகூட நான்தான் போட்டேன். இப்படி இருக்கிறவுகளை வெளிய விடலாமா? கொஞ்சம் பொறுப்பா இருக்க வேணாமா?"

பரிபூரணத்தை வாழ்க்கையில ஒரு ஆளு இப்படி நிக்க வச்சு வைதது கிடையாது. வைதவுக ரெண்டு வார்த்தைக்கு மேல போனதும் கிடையாது. வாயில வந்த பதிலை அப்படியே முழுங்கிட்டு, தலையைக் குனிஞ்சு, "சரி தம்பி"ன்னா.

"நேரத்துக்குச் சாப்பாடு குடுக்கீகளா?"

"குடுக்கேன் தம்பி."

"உப்புமாதான் குடுக்கா"ன்னாரு குருசாமி.

அது டிரைவருக்கு, பின் சீட்டுக்கு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவருக்கு, எல்லாருக்கும் கேட்டுச்சு. பஸ்ஸுல இருந்த அத்தனை பொம்பளைகளும் பரிபூரணத்தைப் பாத்த பார்வை இருக்கே, அதை அவ செத்தாலும் மறக்க மாட்டா. ராம்கி அவரு கையை எடுத்து அவ கையில வச்சான். வச்சுட்டு செத்த நேரம் விடாம புடிச்சிருந்தான்.

"எங்க பெரியப்பா ஒரு நாளு இப்படிக் கிளம்பிப் போயி ரெண்டு நாளு கிடைக்கலைம்மா"ன்னு மெதுவாச் சொல்லிட்டு ஓடிப் போயி ஏறிக்கிட்டான்.

பஸ்ஸு போச்சு. ரோட்டுல ரெண்டு பேரும் நின்னாக. பரிபூரணத்துக்குச் சிரிப்பும் வந்துச்சு, அந்தப் பையன் கடைசியாச் சொன்னது நெஞ்சுல முள்ளு மாதிரி குத்தவும் செஞ்சுச்சு. "பாவம்ங்க அந்தப் பையன்"ன்னா.

"நல்ல பையன்"னாரு குருசாமி. அதை மட்டும் நிசமாவே மெதுவாச் சொன்னாரு.

ரிஸ்வானா எட்டு அம்பதுக்கு விரலை வச்சா. சாயங்காலம் வேலை நிரந்தரம்னு சொல்லிட்டாக. வரும்போது பால்கோவா வாங்கிட்டு வந்தா. ஹஃபீஸா பாதியைத் தின்னுட்டு மீதியைத் தாத்தா சட்டையில துடைச்சா. நாலு மணி பிழைச்சுக்கிடுச்சுன்னு பரிபூரணம் யாருகிட்டயும் சொல்லலை, "இந்தா, இந்தப் பிள்ளைய இன்னும் எத்தனை வருசம் என் தலையில கட்டப் போறியோ"ன்னுதான் சொன்னா.

புதன்கிழமை ஸ்டாப்புல ஆம்பளையே கிடையாது. பொம்பளைக ரெண்டு பேருதான். பஸ்ஸு தானா வேகம் குறைச்சு, ஓரம் கட்டி நின்னுச்சு. டிரைவர் எட்டிப் பாத்து, "பெரியவரு இங்க எங்கயும் சுத்தலையே?"ன்னாரு. ராம்கி, "ஐயா எப்படி இருக்காரு?"ன்னான். "இன்னைக்குத் தேவலை"ன்னு சொல்லிக்கிட்டே ரெண்டு பேரும் ஏறிக்கிட்டாக. வியாழக்கிழமையும் நின்னுச்சு. அன்னைல இருந்து தினமும் நிக்குது. இப்ப அந்த ஸ்டாப்புல பதினோரு பொம்பளைக ஏறுதாக, மத்த மூணு தெருக்காரவுகளும் சேந்தாச்சு. யாரு முதல்ல ஏறுதாகளோ அவுக குருசாமி நிலவரத்தைச் சொல்லணும், அதுதான் ஏற்பாடு. மாசத்துக்கு ஒரு தடவை பரிபூரணம் ஒரு டப்பா முறுக்கு சுட்டு ராம்கிக்குக் கொடுத்துவிடுவா. அதிகம் போனா ரெண்டு டப்பா. குத்துன முள்ளுக்கு அதுதான் வைத்தியம்.

"குணமாயிருச்சுன்னு சொல்லிருவமா, பாவம்ல அந்தத் தம்பி"ன்னு ஒரு நாளு கேட்டா.

அனுசியா பதறிட்டா. "பெரிம்மா, பெரியப்பா குணமாகவே கூடாது. குணமானா எங்க பதினோரு பேரு பொழப்பும் போச்சு."

அதைக் குருசாமி உள்ள இருந்து கேட்டுட்டாரு. அன்னைல இருந்து அவரு வாழ்வுதான் வாழ்வு. கடைக்குப் போனா கத்தரிக்காயை மறந்துட்டு வடையோட வருவாரு. மோட்டாரை அமத்த மறந்துருவாரு. ரெண்டு காப்பி குடிச்சுட்டு, "இன்னைக்கு ஏன் காப்பியே வரலை?"ம்பாரு. கேட்டா, "எனக்குத்தான் சீக்காச்சே, பஸ்ஸுல கேட்டுப் பாரு"ம்பாரு.

போன வாரம் ஒரு காலைல. எட்டரை மணி தாண்டி நகர் அடங்கிப் போச்சு, எதுத்த வீட்டு ஃபிரிட்ஜு மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு. குருசாமி மூணாவது காப்பியைக் கேட்டுட்டுத் தட்டு முன்னால வந்து உக்காந்தாரு. தட்டுல ஆவி பறக்க, கடுகு கருகாம, கறிவேப்பிலையெல்லாம் போட்டு, கோதுமை உப்புமா இருந்துச்சு.

அவரு தட்டைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு. "ஏட்டி, என்ன பேசியிருக்கோம்? ரிஸ்வானா சாட்சி இருக்கா."

பரிபூரணம் கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு நெத்தியச் சுருக்கி யோசிச்சா. நல்லா செத்த நேரம் யோசிச்சா.

"பேசுனமா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே"ன்னா. "இந்தச் சீக்கு ஒட்டுவாரொட்டி போலங்க."